வெர்னா கிளெம் ஏன் லைட் அடிப்பதில்லை

வெர்னா கிளெம்முக்குப் பத்து அபராதத்துக்கு ஒரு பன்றித்தொடை என்ற கணக்கில் போலீஸ் கமிஷன் தருகிறது என்ற செய்தி எனக்கு எட்டியபோது அதற்கு இரண்டு வாரம் வயதாகியிருந்தது. எங்கள் சின்ன ஊரான குர்ராங் கிரீக்கில் எந்தச் செய்தியும் பத்திரிகைக்காரனுக்குத்தான் கடைசியாக வரும். எட்டுப் பக்க வாரப் பத்திரிகையில் அரைப் பக்கம் நிரப்புகிறவன் நான். அந்த அரைப் பக்கத்தில் வருவதற்கு முன்பே ஊர் எல்லாவற்றையும் படித்து முடித்திருக்கும்.

எனக்குச் சொன்னவள் ரொட்டிக்கடை கிளெனிஸ். இளஞ்சிவப்புப் பாகு பூசிய பன்னைக் காகிதத்தில் சுருட்டிக்கொண்டே சொன்னாள்.

"முழுத் தொடை, கண்ணு. எலும்போட. கிறிஸ்துமஸுக்கு வாங்குவோமே, அந்த மாதிரி."

"யாரு பாத்தது?"

"பாத்தாத்தான் நம்புவியா? அவ கறிக்கடைப் பக்கம் வந்து எவ்வளவு நாளாச்சுன்னு போய்க் கேளு. கறி வாங்காம ஒருத்தி எப்படி இவ்வளவு திடமா இருப்பா?"

பன்னை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வெர்னா எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவள். அவள்மேல் ஊருக்கு என்ன கோபம் என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் சாலையில் நடக்கும் இரண்டு மரியாதைகளைச் சொல்லிவிட வேண்டும். முதலாவது, எதிரே வரும் வண்டிக்கு ஸ்டியரிங்கை விடாமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவது. கை முழுவதையும் தூக்கி ஆட்டுகிறவன் வெளியூர்க்காரன். இரண்டு விரலைத் தூக்குகிறவன் சண்டைக்கு வருகிறவன். இரண்டாவது மரியாதை, நீங்கள் கடந்து வந்த வழியில் போலீஸ் உட்கார்ந்திருந்தால் எதிரே வருகிறவனுக்கு முன்விளக்கை இரண்டு தடவை அடித்துக் காட்டுவது. பகையாளிக்கும் அடிப்பார்கள். எல்லைத் தகராறில் ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளாத இரண்டு பண்ணைக்காரர்கள் ஒருவருக்கொருவர் லைட் அடித்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன்.

வெர்னா விரலைத் தவறாமல் தூக்குவாள். லைட் மட்டும் அடிக்க மாட்டாள்.

இது பல வருடமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இந்த வருடம் செப்டம்பர் நடுவில் கான்ஸ்டபிள் லாசிச் தானியக் கிடங்குக்குப் பின்னால் ரேடாரோடு உட்கார ஆரம்பித்தார். நெடுஞ்சாலை அந்த இடத்தில்தான் நூறிலிருந்து ஐம்பதுக்கு இறங்கி ஊருக்குள் நுழைகிறது. மூன்று வாரத்தில் உள்ளூர்க்காரர்கள் நான்கு பேர் மாட்டினார்கள். நான்கு பேரும் மாட்டுவதற்கு ஒரு நிமிடம் முன்பு வெர்னாவின் மஞ்சள் பேருந்தைக் கடந்தவர்கள். நான்கு பேருக்கும் அவள் விரல் தூக்கியிருக்கிறாள். ஒருவருக்கும் லைட் அடிக்கவில்லை. முதலில் மாட்டியவன் பார்லி விவசாயி டரில் மேக்கின்ஸ். நான்காவதாக மாட்டியவன் யார் என்பது இங்கே முக்கியமில்லை, நான்தான்.

தொடைக்கதை அப்படித்தான் பிறந்தது. அதோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. டரில் ஒரு மனு எழுதினான். வெர்னாவின் ஒப்பந்தம் நவம்பரில் புதுப்பிக்க வேண்டியது. புதுப்பிக்கக் கூடாது, வேறு ஓட்டுநரைப் போட வேண்டும் என்று இருபத்து மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். ஏழு பேர் கொண்ட பஸ் கமிட்டி வியாழக்கிழமை மாலை கூடி ஓட்டெடுக்கப் போகிறது. கமிட்டிக்குத் தலைவி, வேறு யார், கிளெனிஸ்தான்.

வெர்னாவுக்கு அறுபத்து மூன்று வயது. பிறந்தது இங்கே, லூத்தரன் தேவாலயத்துக்குப் பின்பக்கத்து வீட்டில். பத்தொன்பது வயதில் கடற்கரை நகரம் ஒன்றில் வங்கி வேலைக்குப் போனாள். ஆறே வாரத்தில் திரும்பிவிட்டாள். ஏன் என்று கேட்டவர்களிடம், அங்கே யாரும் விரல் தூக்குவதில்லை என்று மட்டும் சொன்னாளாம். பிறகு அறுவடைக் காலங்களில் கோதுமை லாரி ஓட்டினாள். முப்பத்தேழாவது வயதில் பேருந்துக்கு மாறினாள். கேக் போட்டியில் நான்கு முறை முதல் பரிசு வாங்கியிருக்கிறாள். ஐந்தாவது முறை கடை ஜாம் வைத்தாள் என்று தள்ளுபடி செய்தார்கள். அந்தத் தீர்ப்பை அவள் இன்றுவரை ஏற்கவில்லை. கணவர் லயனல் குயின்ஸ்லாந்துக்கு மீன் பிடிக்கப் போனவர். பதினொரு வருடமாகிறது. இன்னும் மீன் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பிள்ளைகள் இல்லை. இருபத்தாறு வருடமாக அவளுக்கு இருப்பது அந்தப் பேருந்தும் அதில் ஏறி இறங்கும் பத்தொன்பது பிள்ளைகளும்தான். ஏறும்போதே முகத்தைப் பார்த்து, இன்றைக்கு எது வாந்தி எடுக்கும் என்று சொல்லிவிடுவாள். பிளாஸ்டிக் பையும் தயாராக இருக்கும்.

பலகையில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதே வேகத்தில்தான் ஓட்டுவாள். கூட ஒன்றும் இல்லை, குறைய ஒன்றும் இல்லை. அவளுக்குப் பின்னால் முந்த முடியாமல் ஏழெட்டு வண்டிகள் வரிசையாக ஊர்ந்து வருவதற்கு 'கிளெம் ரயில்' என்று பெயர். ரயில் எங்கள் ஊருக்கு வருவது நின்று பல காலமாகிறது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்ததற்கு யாரும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை.

சரி, தொடையைத் தேடுவோம் என்று கிளம்பினேன். முதலில் கான்ஸ்டபிள் லாசிச்சைப் பார்த்தேன். கிடங்கின் நிழலில் வண்டிக்குள் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

"பன்றித்தொடையா? நானா?" என்று சிரித்தார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ரகசியக் குரலில் சொன்னார்: "நெவில், நான் கறி சாப்பிடறத விட்டு ஒம்போது வருஷம் ஆச்சுப்பா. ஊர்ல தெரிஞ்சா என்னை மதிக்க மாட்டாங்க. தயவுசெஞ்சு எழுதிடாதே."

எழுதவில்லை. இதோ, இப்போது எழுதியதோடு சரி.

"அப்போ வெர்னா உங்ககிட்ட ஒண்ணுமே வாங்கலையா?"

"விரல் தூக்குவா. நானும் தூக்குவேன். அவ்வளவுதான் எங்களுக்குள்ள." ஆப்பிள் விதையைத் துப்பினார். "வேடிக்கையைக் கேளு. நான் இங்க வந்து உக்காந்த அரை மணி நேரத்துல ஊர் மொத்தமும் லைட் அடிச்சுச் சொல்லிடும். எல்லாரும் சவ ஊர்வலத்துக்குப் போற மாதிரி ஓட்டுவாங்க. நான் எழுந்து போனதும் மறுபடி பழைய மாதிரி. அந்த ஐம்பதுங்கறது என்னோட ஆசைன்னு நினைச்சுட்டாங்க. எனக்குப் பிடிச்ச நம்பர்னு."

அடுத்து டரில். கொட்டகையில் அறுவடை இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தான். இரண்டு பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தன. பேட்டியைப் பூட்ஸோடு நடத்தினேன்.

"லைசன்ஸ் புள்ளி பன்னெண்டுல பதினொண்ணு போச்சு. இன்னும் ஒண்ணு போனா லைசன்ஸ் காலி. பார்லி முத்தி நிக்குது. யாரு அறுப்பா, உன் பத்திரிகையா? ரெண்டு தடவை லைட்ட அமுக்க அவளுக்கு என்ன, விரல் தேஞ்சுடுமா?"

"எத்தனைல போனே?"

"அது விஷயமில்ல."

"எத்தனை டரில்?"

"எழுபது. ரோட்ல ஒரு ஈ காக்கா இல்ல, யோவ்!"

நான் எழுபத்து நான்கு. ஆகவே மேற்கொண்டு அறிவுரை எதுவும் சொல்லாமல் விடைபெற்றேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வெர்னாவின் வாசலில் நின்றேன். பிள்ளைகளோடு பயணம் செய்ய, போலீஸ் சரிபார்த்துத் தரும் அனுமதி அட்டை வேண்டும். பிள்ளைகளின் கால்பந்து கிளப்பில் ஸ்கோர் பலகை மாற்றுவதற்காக நான் எடுத்து வைத்திருந்தேன். வெர்னா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடிக்கு மேல் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டியிருந்தாள்.

"போட்டோல ஒல்லியா இருக்கே" என்றாள். "முன்னாடி உக்காரு. பெல்ட்டப் போடு. எனக்கு ஒரு விரல் பாக்கி வெச்சிருக்கே, தெரியுமா?"

"என்னது?"

"அக்டோபர் ஒம்பது. நீ மாட்டின அன்னைக்கு. கிடங்கு வளைவுல நான் தூக்கினேன். நீ தூக்கல. ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கப் பிடிச்சுகிட்டு, பல்லக் கடிச்சுகிட்டுப் போனே."

பேருந்துக்குள் ஆரஞ்சுத்தோல் வாசனை. காலையில் முதல் நாற்பது நிமிடம் வண்டி காலியாகத்தான் போகும், கடைசிப் பண்ணை வரைக்கும். அதுவரை பேச வசதி.

"வெர்னா, பன்றித்தொடை பத்தி..."

"கிளெனிஸ் சொன்னாளா? என் பல்லுக்குப் பன்றி ஆகாது. நான் கோழி. கறிக்கடைக்குப் போகாததுக்குக் காரணம், என் கொல்லைல கோழி இருக்கு." வளைவில் நிதானமாகத் திரும்பினாள். "என்னை விடு. உன்னைக் கேக்கறேன். ஊர் போர்டுலேர்ந்து அந்தப் பக்கத்துப் போர்டு வரைக்கும் ஆயிரத்து நானூறு மீட்டர். ஐம்பதுல போனா நூறு செகண்ட். எழுபத்தி நாலுல போனா அறுபத்தெட்டு. முப்பத்திரண்டு செகண்ட் மிச்சம் பிடிச்சிருக்கே. என்ன பண்ணினே அத வெச்சு?"

நான் யோசித்தேன். அன்றைக்கு லாசிச் எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், குளிர்பெட்டியைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றது நினைவுக்கு வந்தது. முப்பத்திரண்டு நொடி இருக்கும். சொல்லவில்லை.

"கிரிக்கெட் மைதானத்துல பிட்ச் அளக்கற சங்கிலி இருக்குல்ல, அத ஒரு ஞாயித்துக்கிழமை கடன் வாங்கி அளந்தேன்" என்று தொடர்ந்தாள். "கிளெனிஸ் கடை வாசலுக்கு வரும்போது முன்னாடி ஒரு பிள்ளை குறுக்க வர்றது தெரியுதுன்னு வெச்சுக்கோ. ஐம்பதுல வந்தவன் பிரேக் போட்டா, பிள்ளைங்க ரோடு தாண்டற கோட்டுக்கு முன்னாடியே நின்னுடுவான். நீ எங்க நிப்பே தெரியுமா? பௌல்ஸ் கிளப் கேட்டுல."

"கோட்டைத் தாண்டியா?"

"கோட்டைத் தாண்டி. எல்லாத்தையும் தாண்டி."

எதிரே ஒரு பால் லாரி வந்தது. விரல் தூக்கினாள். லாரிக்காரன் தூக்கவில்லை. மனு வந்ததிலிருந்து பாதி ஊர் அவளுக்கு விரல் தூக்குவதை நிறுத்தியிருந்தது. அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கறுப்புக் கண்ணாடிக்கு அதுவே வேலை.

"அப்போ லைட் ஏன் அடிக்கறதில்ல?"

"முன்னாடி அடிச்சுகிட்டுதான் இருந்தேன். ஐவன் ரோச்சுக்கு அடிச்சதுதான் கடைசி."

ஐவன் ரோச்சை எல்லோருக்கும் தெரியும். புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பௌல்ஸ் கிளப்பில் கைத்தடியோடு உட்கார்ந்து புள்ளி எழுதுகிறவர். அவருக்கு விபத்து நடந்தது தெரியும். அதற்கு முந்தைய அரை நிமிடம் எனக்குத் தெரியாது.

பதினான்கு வருடத்துக்கு முன்பு, இதே சாலையில், ஹாஃப்மன் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு லாரியிலிருந்து வைக்கோல் கட்டுகள் உருண்டு விழுந்திருந்தன. பழைய சின்னக் கட்டுகள் இல்லை. ஒவ்வொன்றும் அரை டன். வெர்னா அவற்றைச் சுற்றிக்கொண்டு மேட்டில் ஏறியபோது எதிரே ஐவன் வந்தார். லைட் அடித்தாள். இரண்டு தடவை, மூன்று தடவை.

"அவன் என்ன பண்ணினான் தெரியுமா? ஆஸ்பத்திரில அவனே எங்கிட்ட சொன்னான். நூத்திப் பத்துல வந்தானாம். என் லைட்டப் பாத்ததும் சரியா நூறுக்குக் குறைச்சிருக்கான். பெல்ட்ட மாட்டிருக்கான். போனைக் கீழ வெச்சுட்டு, நிமிந்து உக்காந்து, போலீஸ் பாத்தா நல்லா தெரியணும்னு மூஞ்சியையும் சிரிச்ச மாதிரி வெச்சுகிட்டான். அப்படியே மேட்ட ஏறி எறங்கி, சிரிச்ச மூஞ்சியோட கட்டுல போய் மோதினான்." வெர்னா கியர் மாற்றினாள். "இடுப்பு போச்சு. மயக்கம் தெளிஞ்சதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, 'நான் கரெக்டா நூறுல வந்தேன் வெர்னா, இதுக்கு மேல என்ன பண்ணணும்?'னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவளும் அடக்கிக்கொண்டது போலத்தான் இருந்தது.

"அன்னைக்கு முடிவு பண்ணினேன். லைட்டுன்னா போலீஸ்னு ஆக்கி வெச்சுட்டீங்க. போலீஸ் இருக்கறதுக்கு நான் அடிக்க மாட்டேன். வேற எதுக்காவது அடிச்சா, அப்போ அது வேற எதுக்கோன்னு ஒருத்தனுக்காவது புரியணும்."

"இதக் கமிட்டிகிட்ட சொல்லலாமே?"

"கேட்டாத்தானே? அவங்க தொடையைத்தான் கேக்கறாங்க."

கடைசிப் பண்ணையிலிருந்து திரும்பினோம். பிள்ளைகள் ஏறினார்கள். ஒவ்வொன்றும் என்னைப் பார்த்துவிட்டு, "இவரு ஏன் வந்திருக்காரு, மிஸஸ் கிளெம்?" என்று கேட்டது. ஒவ்வொன்றிடமும், "இவருக்கு ஓட்டத் தெரியல, அதான் கத்துக்க வந்திருக்காரு" என்றாள். டரிலின் மகள் டில்லி, மேக்கின்ஸ் பண்ணை வாசலில் ஏறினாள். ஏழு வயது, முன்பல் இரண்டு இல்லை. அப்பா மனு போட்டது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் முதல் சீட்டில்தான் உட்கார்ந்திருப்பாள். அது அவளுடைய சீட்.

இரண்டு கிலோமீட்டர் தாண்டியதும், ஹாஃப்மன் மேட்டுச் சரிவில், உச்சி வரைக்கும், சாலை முழுக்க ஆடு. நூற்றுக்கு மேல் இருக்கும். ஓரத்துப் புல்லை மேய்ந்துவிட்டு, வெயில் பட்ட தார் கதகதப்பாக இருந்ததால் அதிலேயே நின்றுகொண்டிருந்தன. பக்கத்து வயலின் கேட் விரியத் திறந்து கிடந்தது.

"அது எங்க ஆடு!" என்று கத்தினாள் டில்லி. "நீலப் புள்ளி எங்களோடது!"

"அப்பா எங்கம்மா?"

"அறுவடை மெஷினுக்கு பெல்ட் வாங்க டவுனுக்குப் போயிருக்காரு. சீக்கிரமா வந்துடுவேன்னாரு."

வெர்னா வண்டியில் இருந்த வயர்லெஸ் ரேடியோவை எடுத்து டரிலை இரண்டு தடவை கூப்பிட்டாள். பதில் இல்லை. மனு போட்ட நாளிலிருந்து அவள் குரல் கேட்டால் அவன் ரேடியோவை அணைத்துவிடுகிறான் என்பது ஊரறிந்தது. ஆடுகளுக்கு நடுவே நடைவேகத்தில் பேருந்தை ஊர்ந்து நகர்த்தினாள். பிள்ளைகள் ஜன்னல் வழியாக மே என்று கத்தினார்கள். ஆடுகளும் பதிலுக்குக் கத்தின. வழிவிட்டு, பேருந்து போனதும் மறுபடி சாலையை அடைத்துக்கொண்டன.

மேட்டின் உச்சியைத் தாண்டி இறங்கினோம். முன்னால் மூன்று கிலோமீட்டர் நேர்கோடு. அதன் மறுமுனையில் ஒரு வெள்ளைப் புள்ளி. புள்ளி வண்டியாவதற்கு வழக்கமாக எடுக்கும் நேரம் எனக்குத் தெரியும். இது அதைவிடச் சீக்கிரமாக ஆயிற்று.

"அப்பா!" என்றாள் டில்லி.

வெர்னா பேருந்தை ஓரம் கட்டினாள். லைட்டை அடித்தாள். விட்டு, மறுபடி. மறுபடி. பதினான்கு வருடமாகத் தொடாத அந்தக் குமிழை அவள் கட்டைவிரல் தேடவில்லை.

வெள்ளை பிக்கப்பின் மூக்கு தரையை முட்டுவதுபோலக் குனிந்தது. டயர் கத்தியது இங்கே கேட்டது. ஓரத்துச் செம்மண்ணில் இரண்டு சக்கரம் இறங்கி, புழுதியைக் கிளப்பி, ஏறி, எங்களைக் கடக்கும்போது ஆள் நடக்கும் வேகத்துக்கு வந்திருந்தான் டரில். ஜன்னலில் அவன் முகம் வெள்ளைக் காகிதமாக இருந்தது. டில்லி கையாட்டினாள். அவன் அவளைப் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான், மேட்டில் மெதுவாக ஏறினான். பின்பக்கக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சியில் ஏறியதும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்து, அப்படியே நின்றது.

வெர்னா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "ரெண்டு நிமிஷம் லேட்" என்றாள். அதற்காக ஒரு கிலோமீட்டர்கூடக் கூட்டவில்லை. இரண்டு நிமிடம் தாமதமாகத்தான் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வியாழக்கிழமை மாலை பௌல்ஸ் கிளப்பில் கமிட்டி கூடியது. உறுப்பினரல்லாதவர்கள் சுவரோரம் நின்றோம். வெர்னா பின்வரிசையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். தேவாலயத்துக்குப் போடும் நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். முதன்முறையாகக் கறுப்புக் கண்ணாடி இல்லை. கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கிளெனிஸ் மனுவை வாசித்து முடித்தாள். "டரில், இது உன் மனு. எழுந்து பேசு."

டரில் எழுந்தான். தொப்பியைச் சுழற்றினான்.

"வாபஸ்" என்றான்.

"என்ன வாபஸ்?"

"மனுதான். நான் எழுதினது. வேணாம்."

"காரணம் சொல்லாம எப்படிப்பா? இருபத்தி மூணு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

"நேத்து எனக்கு லைட் அடிச்சா."

கூட்டத்தில் சலசலப்பு. "அப்போ போலீஸ் இருந்துச்சா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இல்ல. அதான் சொல்றேன். வேற யாரு அடிச்சிருந்தாலும் போலீஸ்னு நினைச்சு, கொஞ்சம் குறைச்சுட்டு, மேட்ட ஏறியிருப்பேன். வெர்னா போலீஸுக்கு அடிக்க மாட்டா. அவளே அடிக்கறான்னா, அங்க போலீஸ் இல்ல, வேற என்னமோன்னு..." தொப்பியைக் கக்கத்தில் வைத்தான். "நூத்தி இருபத்தெட்டுல வந்துட்டு இருந்தேன். காலைல கேட்டக் கொக்கி மாட்டாம சாத்திட்டுப் போயிட்டேன், அவசரத்துல. நின்னது எங்கன்னா, முதல் ஆட்டுக்கு மூணு அடி முன்னாடி."

கான்ஸ்டபிள் லாசிச் சுவரோரம் நின்றிருந்தார். நூற்றிருபத்தெட்டு என்று காதில் விழுந்ததும் கூரையை ஆராய ஆரம்பித்தார்.

"ஆடெல்லாம் வீடு சேந்துச்சா?" என்றாள் வெர்னா பின்னாலிருந்து.

"சேந்துச்சு. ஒண்ணு மட்டும் நொண்டுது."

மற்ற இருபத்திரண்டு கையெழுத்து அப்படியே இருப்பதால் ஓட்டெடுத்துத்தான் ஆக வேண்டும் என்றாள் கிளெனிஸ். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம். மூன்று கைகள் எழுந்தன. எண்ணி முடிக்கும் நேரத்தில் நான்காவதாக ஒரு கைத்தடி எழுந்தது. ஐவன் ரோச், அவரும் கமிட்டிதான்.

"ஐவன், நீ மனுல கையெழுத்துப் போட்டிருக்கியே" என்றாள் கிளெனிஸ்.

"போட்டேன். பதினாலு வருஷமா இவ மேல எனக்குக் கோவம். நான் நூறுலதான் போனேன்." தடியை இறக்காமல் யோசித்தார். "இவன் பாத்ததும் நின்னிருக்கான். நான் நூறுக்குத்தான் குறைச்சேன். எழுதிக்கோம்மா, கை வலிக்குது."

நான்குக்கு மூன்று. இனிமேல் போலீஸ் இருந்தால் லைட் அடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் நீட்டிக்கப்படுகிறது என்று கிளெனிஸ் அறிவித்தாள்.

"அடிக்க மாட்டேன்" என்றாள் வெர்னா.

கிளெனிஸ் பேனாவைக் கடித்தாள். "சரி, நிபந்தனை இல்லாம நீட்டிக்கப்படுகிறது" என்று திருத்தி எழுதினாள். வெர்னா கைப்பையை மூடினாள். இந்த முறை திறக்கவில்லை. எல்லோரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

ஊர் திருந்திவிட்டதா என்று கேட்பவர்கள் வேறு பத்திரிகை படிக்கலாம். லைட் அடிப்பது நடக்கிறது. லாசிச் ஆப்பிள் தின்கிறார். டரில் மட்டும் ஐம்பதில் ஐம்பதாகப் போகிறான், அறுவடை முடியும் வரையிலாவது. கேட்டுக்குப் புதுக் கொக்கியும் போட்டிருக்கிறான். விரல்கள் பெரும்பாலும் வெர்னாவுக்குத் திரும்ப வந்துவிட்டன. பால் லாரிக்காரன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் ரொட்டிக்கடையில் கிளெனிஸ் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னமோ விசாரிக்கறேன்னு போனியே. அவ வீட்டு வாசல்ல ஐஸ் பெட்டி இருந்துச்சு. நானே பாத்தேன். உள்ள முழுத் தொடை, எலும்போட. இப்ப என்ன சொல்றே?"

போய் விசாரித்தேன். தொடை உண்மைதான். பன்றித்தொடை இல்லை, ஆட்டுத்தொடை. வைத்துவிட்டுப் போனவன் டரில். சீட்டு ஏதும் எழுதி வைக்கவில்லை. நொண்டிய அந்த ஒன்றுதான். ஆகவே வதந்தியில் விலங்கும் ஆளும் காரணமும் தவிர மற்றதெல்லாம் சரி என்று இதன்மூலம் அறிவிக்கிறேன்.

என் பாக்கிதான் நிற்கிறது. நான் இப்போது தினமும் அவளுக்கு விரல் தூக்குகிறேன். அதைச் சொல்லிக் கணக்கு நேர்செய்யப் பார்த்தேன்.

"அது அந்தந்த நாளுக்கு உள்ளது, நெவில்" என்றாள். "அக்டோபர் ஒம்பது அப்படியேதான் நிக்குது."

"சரி, நாளைக்குக் கிடங்கு வளைவுல ரெண்டு தடவை தூக்கிடறேன். ஒண்ணு நாளைக்கு, ஒண்ணு பாக்கிக்கு."

"நான் எதிர்ல ஐம்பதுல வருவேன். நீயும் ஐம்பதுல வந்தா ஒரு தடவைதான் எனக்குத் தெரியும். ரெண்டு தெரியணும்னா நீ நாப்பதுல வரணும்."

நான் இப்போதுதான் ஐம்பதுக்கே வந்திருக்கிறேன். அதுவும் லாசிச் விடுப்பில் போகும் நாட்களில் ஐம்பத்திரண்டு. நாற்பதைப் பற்றி யோசித்துச் சொல்வதாக அவளிடம் சொல்லியிருக்கிறேன்.